கிணற்றுப் படம் போட்ட தபாலட்டை

அன்று காலை, அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோதே நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா?

இரண்டு வருடங்களாகியும் எனக்கு விடை தெரியவில்லை. சில நாட்களில், ஒஸ்லோவின் தெ-பானே ரயிலில் வேலைக்குப் போகும்போது, சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்வேன். பின்னேரம் அதே ரயிலில் திரும்பும்போது, சொல்லி அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று மனம் தொடங்கிவிடும். வீட்டுக்குப் பக்கத்துப் புருசெத் நிலையத்தில் இறங்கும்போது காலையில் எங்கே நின்றேனோ அங்கேயே நிற்பேன்.

நாங்கள் மூன்று பேர் இத்தாலிக்குப் போனோம். அப்பா, நான், அப்போது நான்கு வயதான என் மகள். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். அந்த மாதம் அங்கே ஆட்கள் போதவில்லை. நீங்கள் போய் வாருங்கள், எனக்கு வீட்டில் ஒரு கிழமை நிம்மதி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முந்திய குளிர்காலத்தில் அப்பாவின் இருதயக் குழாய் ஒன்று அடைத்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். உடம்பு தேறியது. ஆனால் அவருடைய பகிடிகள் நின்றுவிட்டன. சோபாவின் ஒரு மூலையில் இருந்துகொண்டு, யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்பவராக மாறிவிட்டார். அது எனக்கு அந்த நோயை விடப் பயமாக இருந்தது.

ஊரைத் தெரிவு செய்தது அப்பா. இளவயதில் அவர் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். தொர்ஸ்க் என்ற மீனின் கருவாடு அடுக்கிய பெட்டிகளில் இத்தாலி என்று எழுதியிருக்குமாம். கட்டை போலக் கிடக்கும் இதை யார் வாங்கித் தின்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சிறுபிள்ளையாக இருந்த காலம் முதல் சொல்லிக்கொண்டிருந்தார். தேடிப் பார்த்து, அந்த மீனைச் சமைக்கும் பகுதியில், பெரிய நகரங்களுக்குத் தள்ளி, சுற்றி மதில் கட்டிய ஒரு சிறிய பழைய ஊரைக் கண்டுபிடித்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத முயன்றேன், கை வரவில்லை.

நான் எதற்கும் பட்டியல் போடுபவள். மாத்திரைகள், காய்ச்சல் பார்க்கும் கருவி, அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகும் வழி, அப்பாவின் நோய் விபரத்தை இத்தாலிய மொழியில் எழுதிய தாள் எல்லாம் கொண்டுபோனேன். விமானத்தில் அப்பா அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை என்ரை கழுத்திலை கட்டிவிடு பிள்ளை, துலைஞ்சு போனா ஆரும் கொண்டந்து தருவினம்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் பகிடி. நான் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன்.

அந்த ஊரைப் பற்றி நல்லதாக எழுதாமல் விடுவது அநியாயம். அது எங்களுக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. செங்கல் மதிலின் மேலே நடக்க ஒரு பாதை இருந்தது. ஒரு பக்கம் பார்த்தால் திராட்சைத் தோட்டங்கள், மறுபக்கம் ஓட்டுக் கூரைகளும் கொடிகளில் காயும் போர்வைகளும். தெருக்களின் இருபுறமும் வளைவு வைத்த நடைபாதைகள். எத்தனையோ நூறு வருடக் கால்கள் பட்டு, அவற்றின் கற்கள் நடுவில் குழிந்திருந்தன. மகள் அந்தக் குழிகளில் மட்டும் கால் வைத்து நடப்பேன் என்று அடம்பிடித்தாள். அப்பாவும் அவளுக்குப் பின்னால் அப்படியே நடந்தார். மத்தியானம் ஆனதும் கடைகள் எல்லாம் சாத்திவிடுவார்கள். யாரோ ஒரு வீட்டில் கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் மட்டும் கேட்கும். ஒஸ்லோவிலும் அமைதி உண்டு, ஆனால் அங்கே கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இங்கே எல்லோரும் உள்ளே இருந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. அதனால் அந்த அமைதி எனக்குப் பிடித்தது.

சதுக்கத்தின் நடுவில் ஒரு பழைய கிணறு. வெள்ளைக் கல்லில் கட்டு, கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள், மேலே இரும்பு மூடி. அதற்கு எதிரே உள்ள மர வாங்கில் வயதான மூன்று பேர் பின்னேரங்களில் வந்து இருப்பார்கள். இரண்டாம் நாளே அப்பா நான்காவது ஆளாகிவிட்டார். அவர்கள் இத்தாலிய மொழியில் கதைத்தார்கள், அப்பா நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னார், நடுவில் தமிழும் வந்தது. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "அந்தத் தொப்பிக்காரனுக்கும் ஸ்டென்ட்தான். எனக்கு ஒண்டு, அவனுக்கு மூண்டு. வென்றிட்டன் எண்டு நினைக்கிறான்" என்றார்.

இங்கே மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி அப்பாவின் அக்கா. வேறு சகோதரங்கள் இல்லை. அவர்களுடைய தாய் இறந்தபோது அப்பாவுக்கு ஆறு வயது, மாமிக்குப் பதினாறு. அப்பாவை வளர்த்தது மாமிதான். அவர் கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் இருவரும் ஒரு மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். அப்பா மெலிந்துவிட்டார் என்று மாமி சொல்வார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று அப்பா சொல்வார். என் மகள் மாமியைப் போனில் மட்டுமே கண்டவள். போன் அம்மம்மா என்றுதான் அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை அம்மா போன் எடுத்தார். நாங்கள் தங்கிய வீட்டின் பின்முற்றத்தில் மகளின் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மாவின் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, யார் என்று மட்டும் தெரியவில்லை. மாமி காலையில் எழும்பவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் பதினொரு மணிக்கு உடலை எடுப்பார்கள். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, நான் சித்தப்பா என்று கூப்பிடுபவர், கொள்ளி வைப்பார்.

"அப்பாவுக்கு இப்ப சொல்லாதை" என்றார் அம்மா. "தெரியாத ஊரிலை நெஞ்சு நோவெண்டா என்ன செய்வாய்? கையிலை பிள்ளையும். சனிக்கிழமை வந்திடுவியள்தானே. வீட்டிலை வைச்சு, நாலு பேர் பக்கத்திலை இருக்கேக்கை சொல்லுவம். அவற்றை போனையும் எடுத்து வை."

அம்மா சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. எங்கள் வீடுகளில் சாவுச் செய்தியை அப்படித்தான் சொல்வார்கள். வெறும் வயிற்றில் சொல்வதில்லை. முதலில் அந்த ஆளைச் சாப்பிட வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், நெருங்கிய ஒருவர் தோளோடு தோளாக இருப்பார். நான் சின்ன வயதில், காரணம் இல்லாமல் யாராவது யாரையாவது சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினால் பயந்துபோவேன். அந்த வழக்கத்தில் அன்பு இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அதை நான் பாவித்த விதத்தில் இருந்ததா என்பதுதான் தெரியவில்லை.

உள்ளே வந்தேன். அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் மாத்திரை போட வேண்டும், மாத்திரை போட்டு அரை மணி நேரம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு மதில் மேல் நடந்தோம். உயரத்தில் வைத்துச் சொல்லக் கூடாது. பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம், மறுபடியும் வெறும் வயிறு. அப்படியே ஒவ்வொன்றாக. அம்மா சொன்னதற்காக மட்டும் நான் மறைக்கவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அப்பா அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நிறுத்தும் ஆள் நானாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

அவர் குளிக்கும்போது அவருடைய போனில் விமானத்துக்குப் போடும் நிலையைப் போட்டுவிட்டேன். இந்த மதிலுக்குள் சிக்னல் வராதாம் என்று சொன்னேன். அவர் நம்பினார். "அந்தக் காலத்துக்காரர் கெட்டிக்காரர். எதிரியும் வரேலாது, போனும் வராது" என்றார்.

அன்று பின்னேரம் புகையிலைக் கடையொன்றில் தபாலட்டைகள் சுழலும் தட்டின் முன்னால் அப்பா வெகு நேரம் நின்றார். சதுக்கத்துக் கிணற்றின் படம் போட்ட ஒன்றை எடுத்தார். கோப்பிக் கடை மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து மகளுக்கு வாசித்துக் காட்டினார்.

"அக்கா, இஞ்சை ஒரு கிணறு இருக்கு. எங்கட கிணத்தை விட வடிவு, ஆனால் தண்ணி இல்லை. நான் நல்ல சுகம். வீணாய் யோசிக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன்."

முத்திரையை ஒட்டியது நான். சிவப்புத் தபால் பெட்டி சதுக்கத்தின் மூலையில் இருந்தது. நானே போடுகிறேன் என்று மகள் கேட்க, அப்பா அவளைத் தூக்கிப் பிடித்தார். பாரம் தூக்கக் கூடாது என்று நான் சத்தம் போட்டேன். அதற்கு மட்டும் எனக்குச் சத்தம் வந்தது.

வியாழக்கிழமை, அங்கே பதினொரு மணி என்றால் எங்களுக்குக் காலை ஏழரை. சித்தப்பா நேரலை இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தார். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். மாமிக்கு நீலச் சேலை கட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி நடக்க, படம் ஆடி ஆடி வந்தது. மாமியின் முகம், கூரை, யாருடையவோ முதுகு, மறுபடியும் முகம். கதவுக்கு வெளியே பிஸ்கட்டைப் பாலில் எத்தனை எண்ணும் வரை தோய்க்கலாம் என்று அப்பாவும் மகளும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏழு வரை எண்ணினார், எட்டில் பிஸ்கட் விழுந்தது, இருவரும் கைதட்டினார்கள். கடைசி முறையாக அப்பா தன் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கக்கூடிய இருபது நிமிடங்கள் அவை. எங்களுக்கிடையே ஒரு மரக் கதவுதான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

அன்று அவர் ஊர்ச் சவரக் கடைக்குப் போக விரும்பினார். தொப்பிக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். சூடான துவாய், நுரை, கத்தி எல்லாம் வைத்துச் சவரம் எடுத்து, மணக்க மணக்க வெளியே வந்து, கன்னத்தைத் தடவிப் பாரென்று மகளிடம் குனிந்தார். பிறகு அந்த மீனைச் சாப்பிடப் போனோம். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தது. பாலும் வெங்காயமும் விட்டு மணிக்கணக்காக வேகவைத்து, மஞ்சள் சோளக் களியோடு கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். பிறகு, இது இப்படி மெத்தென்று வரும் என்று தெரிந்திருந்தால் தொழிற்சாலையில் அடுக்கும்போது இன்னும் கவனமாக அடுக்கியிருப்பேன் என்றார்.

சாவு விழுந்த வீட்டின் துடக்குக் காலத்தில் எங்கள் ஆட்கள் சவரம் எடுப்பதில்லை, மீன் இறைச்சி தொடுவதில்லை. வாசிப்பவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். நான் நோர்வேயில் பிறந்தவள், படித்தவள், இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவளும் இல்லை. ஆனால் அப்பா நம்புகிறவர். அக்காவின் உடல் எரிந்த நாளில் அவர் சவரம் எடுத்து மீன் சாப்பிட்டதை நான் எதிரே இருந்து பார்த்தேன். ஒரு படமும் எடுத்தேன். எங்களிடம் இருக்கும் அப்பாவின் படங்களில் மிக நல்ல படம் அதுதான். அதை எங்கும் வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் புருசெத்தில் அம்மா வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும், வீட்டுக் கதவுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு சோடிச் சப்பாத்துகள். அப்பா அவற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கையில் பிடித்திருந்த பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"ஆர்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன் அம்மா கதவைத் திறந்து, முதலில் உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்றார். அந்தச் சொல் போதும். அக்காவோ என்று அப்பா கேட்டார். அம்மா அழத் தொடங்கினார். உள்ளே இருந்த அயலவர்கள் எழும்பி வந்து அப்பாவைப் பிடித்து இருத்தினார்கள். நெஞ்சு நோகிறதா என்று நான் மூன்று தரம் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அவருடைய நெஞ்சுக்கு எதுவும் ஆகவில்லை. அதையும் நான் எழுத வேண்டும். எதற்குப் பயந்தேனோ அது நடக்கவேயில்லை.

எப்போது என்று கேட்டார். புதன்கிழமை காலை என்று அம்மா சொன்னார். அப்பா விரல்களை மடித்து நாட்களை எண்ணினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"புதன்கிழமை பின்னேரமெல்லோ நான் கார்ட் போட்டனான்."

"ஓம் அப்பா."

"உனக்கு அப்ப தெரியுமோ?"

"ஓம்."

கோபிக்கவில்லை. கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவினார். இரண்டு நாள் வளர்ந்த மயிர் லேசாகச் சொரசொரத்திருக்கும்.

"எனக்குச் சவரமும் எடுப்பிச்சுக் கொண்டந்திருக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் என்னிடம் கதைத்ததில்லை. அம்மா பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டார். நான்தான் சொல்லாதே என்றேன் என்று எல்லோருக்கும் சொன்னார். ஆனால் அந்தக் குளியலறைக் கதவுக்கு உள்ளே நின்றது அம்மா இல்லை. அப்பா என்னோடு சண்டை பிடிக்கவில்லை, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிறார், என் பிறந்தநாளுக்கு வந்து கேக் சாப்பிடுகிறார். ஒன்று மட்டும் மாறிவிட்டது. நான் போன் எடுத்தால் ஹலோவுக்குப் பதிலாக, "எல்லாரும் இருக்கினமோ?" என்று கேட்கிறார். பகிடி போலத்தான் கேட்கிறார். நான் இருக்கிறார்கள் அப்பா என்று சொன்ன பிறகும் ஒரு கணம் பொறுத்துப் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் அவர் என்னை நம்பலாமா என்று யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். அவருடைய போன் இப்போது குளியலறைக்கும் அவரோடு போகிறது.

இதை இங்கே முடித்திருக்கலாம். முடிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்தத் தபாலட்டை போய்ச் சேர்ந்தது. மாமி இறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, வெறும் வீட்டின் படலையில் அதைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார் தபால்காரர். சித்தப்பா கண்டெடுத்து எனக்குத்தான் போன் எடுத்தார். "அண்ணைக்குச் சொல்லட்டோ பிள்ளை?" என்று கேட்டார். வேண்டாம், நான் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்போது அப்பா சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒஸ்லோவுக்கு வந்த ஒருவரிடம் சித்தப்பா அதைக் கொடுத்தனுப்பினார். இரண்டு வருடங்களாக அது என் மேசை இழுப்பறையில், மகளின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே கிடக்கிறது. கிணற்றின் மேல் மழைத்துளி பட்ட ஒரு கறை. அப்பாவின் எழுத்து அப்படியே இருக்கிறது.

போன மாதம் மகளின் வகுப்பில் யாருக்காவது ஒரு தபாலட்டை எழுதி அனுப்பச் சொன்னார்கள். அவளுக்கு இப்போது ஆறு வயது. எங்கள் வீட்டு மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அம்மப்பா, போன் அம்மம்மாக்கு நாங்கள் போட்ட கார்ட் போய்ச் சேந்ததோ?"

"தெரியேல்லை குஞ்சு" என்றார் அப்பா. "வாங்க ஆள் இல்லாத வீட்டுக்கு வந்தால் திருப்பிக் கொண்டுபோயிருப்பினம். எங்கையாவது கிடக்கும்."

நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இழுப்பறை நாலு அடி தூரத்தில் இருந்தது. குழாயை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், இதே வேலையை முன்பு அந்தக் குளியலறையில் செய்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் மாமியின் திவசம் வருகிறது. அம்மா மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் படைப்பார். அப்பா அன்று முழுவதும் விரதம் இருந்து, படைத்த பிறகுதான் சாப்பிடுவார். அந்த அட்டையை அன்றைக்கு அவர் கையில் கொடுப்பதா? கொடுத்தால், இதையுமா இரண்டு வருடம் வைத்திருந்தாய் என்று கேட்பார். கேட்காமலும் விடலாம், அது இன்னும் மோசம். கொடுக்காமல் விட்டால், அவர் எழுதிய கடைசிக் கடிதம் எங்கோ தொலைந்துபோனதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். என் கணவர் கொடு என்கிறார். ஆறின புண்ணை ஏன் கிண்டுகிறாய் என்கிறார் அம்மா. இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது, அதுதான் என் கோளாறு.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்படி ஒன்றை மறைத்திருப்பீர்கள், அல்லது உங்களிடமிருந்து யாராவது மறைத்திருப்பார்கள். பிந்திக் கிடைத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தீர்களா? என்னை ஆறுதல்படுத்த வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்வதானால், அப்பா சாப்பிட முன்பு கொடுப்பதா, சாப்பிட்ட பிறகு கொடுப்பதா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.